இரண்டாவது டம்ளர்

2023 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கடும் பனி. காற்று இல்லை. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த்தொட்டிகூடத் தெரியவில்லை. ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் நான் கண் விழித்தபோது என் தாடையில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

உதடு பிசுபிசுத்தது. தலையணை உறையில் சர்க்கரை மணிகள். பனியன் கழுத்து நனைந்து, காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. அறையில் விளக்கு எரிந்தது. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் எதிரே வரும் நாய் கடிக்குமா, கடிக்காதா என்று பார்க்கிற பார்வை.

"நீங்கதானா?" என்றாள்.

"வேற யாரு?"

"பதினேழு பதிமூணு எவ்ளோ?"

"இருநூத்தி இருபத்தொண்ணு. விடிஞ்சும் விடியாம என்னடி வாய்ப்பாடு?"

அவள் மூச்சு விட்டாள். "அப்பாடா. நீங்கதான். அவரு இப்படிச் சிடுசிடுன்னு பேசமாட்டாரு."

"எவரு?"

அவள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அதில் ஒரு நொடிகூட நினைவில்லை. மூன்றரை மணிக்குச் சமையலறையில் டப்பா உருளும் சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் நான் இருட்டில் தரையில் சம்மணம் போட்டு, சர்க்கரை டப்பாவை மடியில் வைத்து, கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தேனாம். உடம்பெல்லாம் வேர்வை. விளக்கைப் போட்டதும் நிமிர்ந்து சிரித்தேனாம்.

"வாங்கம்மா, உக்காருங்க. வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க" என்றேனாம்.

கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் நான் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. பயத்தில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் எப்போதும் கணக்குப் போடுகிறவன் என்பதால், என்னை எனக்கு நினைவுபடுத்த ஒரு கணக்குக் கேட்டிருக்கிறாள். பதினேழு பதிமூணு எவ்வளவு? நான் ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிப் படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினேனாம்.

மூன்றரையிலிருந்து ஐந்து நாற்பது. இரண்டு மணி பத்து நிமிடம் என் கணக்கில் இல்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். போல்ட், நட்டு, வாஷர், பேரிங். எண்ணுவது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அது என் வியாதி என்பாள் மனைவி. சர்க்கரை நோயையும் அப்படித்தான் பத்தொன்பது வருடம் எண்ணியே நடத்தி வந்தேன். மாத்திரைகள் கைவிட்டதும், முந்தின ஆகஸ்டில் டாக்டரம்மா இன்சுலின் எழுதினார். சாப்பாட்டுக்கு முன்னால் போடும் குறுகிய நேர இன்சுலின் இல்லை. உடம்பில் மெல்ல இறங்கி, இரவும் பகலும் அடியில் நின்று வேலை பார்க்க வேண்டிய நீண்ட நேர இன்சுலின். தினமும் இரவு ஒன்பதரைக்கு ஒரு ஊசி.

முதலில் தந்தது கலங்கலாக இருக்கும் பழைய வகை. உள்ளங்கையில் உருட்டிக் கலக்கிப் போட வேண்டும். மனைவி அதற்குப் 'பால் மருந்து' என்று பெயர் வைத்தாள்.

அந்த ஞாயிறுக்கு மறுநாளே அம்பத்தூர் போய் டாக்டரம்மாவிடம் சொன்னோம். நாற்பது வயதுக்காரர். வேகமாகப் பேசுவார், வேகமாக எழுதுவார். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள்.

"சார், இது லோ சுகர். மூளைக்குச் சர்க்கரை பத்தலைன்னா ஆள் நடப்பாங்க, பேசுவாங்க, எதுவும் ஞாபகம் இருக்காது. இந்த வகை போட்ட அஞ்சாறு மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும். மாத்திடலாம்."

தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் இரண்டாவது வகைக்கு மாறினோம். உச்சமே கிடையாது, சமமாக இறங்கும் என்றார். மனைவி அதற்குத் 'தண்ணி மருந்து' என்றாள். அந்தச் சனி, ஞாயிறு காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். அங்கே நன்றாகத் தூங்கினேன். மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்து எழுந்து கூடத்துக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றில் பாதி குடித்த சர்க்கரைத் தண்ணீர். இன்னொன்று தளும்பத் தளும்ப அப்படியே, ஒரு தட்டு போட்டு மூடி. மனைவி அதைத் தொடாமல் எட்டி நின்றிருந்தாள்.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் கலக்கி வெச்சீங்க."

"யாருக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'அவரு தூங்கறாரு, எழுந்தா குடிப்பாரு'ன்னு சொன்னீங்க."

அந்த டம்ளரை நான் குடிக்கவில்லை. கீழே கொட்டவும் கை வரவில்லை. பத்து மணிக்கு அவள்தான் எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.

அன்று பகல் முழுவதும் ஒரே எண்ணம். எனக்கு அவனைத் தெரியாது. அவனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. நான் தூங்குவதும், விழித்தால் எனக்குத் தாகமெடுக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. என் வீட்டில் சர்க்கரை எந்த அலமாரியில் என்று எனக்குக்கூடத் தேடினால்தான் தெரியும். அவன் இருட்டில் எடுக்கிறான்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம். அவருக்கும் புரியவில்லை. பகலில் பார்த்தால் சர்க்கரை இருநூற்று நாற்பது, இருநூற்று அறுபது. இரவில் ஏதோ ஒருநாள் நாற்பத்தொன்று. பகல் எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டவேண்டும். இரவு எண்ணைப் பார்த்துக் குறைக்கவேண்டும். பதினான்கில் தொடங்கியது மெல்ல மெல்ல இருபத்தாறு யூனிட் ஆகியிருந்தது. "ஒழுங்கா போடறீங்களா சார்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு வாஷர் குறைந்ததில்லை, ஒரு யூனிட் தவறுமா என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில்தான் தெருவில் விழித்தேன்.

முதலில் வாயில் இனிப்பு. பிறகு முதுகுக்குப் பின்னால் ஷட்டரின் குளிர். பிறகு ஒரு குரல்.

"இன்னா நைனா, இங்க குந்திகினு கீற? குடி, முழுங்கு. ஊடு எங்க கீதுன்னு தெரிதா?"

எங்கள் தெருவுக்குப் பால் போடுகிறவர். ஐம்பது வயது இருக்கும். பாதாம் பால் பாட்டிலை என் வாயில் வைத்துப் பிடித்திருந்தார். நான் தெருமுனை டெய்லர் கடைப் படியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். அதைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் ரயில்வே லைன். பனி வெள்ளையாக இறங்கி, தெருவிளக்குகள் தலைக்குமேல் தனியாக மிதந்தன. வீடு எங்கே என்று எனக்குத் தெரிய சில நிமிடங்கள் பிடித்தன. கையைக் காட்டினேன்.

"சரி, நடப்பியா? இர்ரு, இன்னோர்த்தர் எங்க?"

"யாரு?"

"உங்கூட வந்தாரே. ரெண்டு பேரும் கையப் புடிச்சிகினு வந்தீங்களே. அந்த முனைல லோடு எறக்கிகினு பாத்தேன்."

"நான் மட்டும்தான் வந்தேன்" என்றேன். அதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

அவர் பனிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா பெர்சு, காலங்காத்தால பீதியக் கெளப்பற" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. என்னை வீட்டில் விட்டுவிட்டு, அன்று மற்ற வீடுகளுக்குப் பாலைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளிச்சமான பெரிய ரோட்டுப் பக்கம் போனார். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, "பனில நெழல் டபுளா தெர்ஞ்சிருக்கும், வுடு நைனா" என்றார். ஆனால் அதன் பிறகு அவர் எங்கள் வாசல் மணியை அடித்ததில்லை. பாக்கெட்டை கேட் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

மனைவிக்கு முந்தின இரவு அலுப்பில் கண் அசந்துவிட்டது. நான் கதவைத் திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. அதை எண்ணி எண்ணி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ராத்திரி உங்க ரூமை வெளிய தாழ் போட்டுக்கட்டா?"

"போட்டுக்கோ. உள்ள சர்க்கரை இறங்கி விழுந்துட்டேன்னா?"

"அப்ப போடல."

"போடலைன்னா, லைனுக்குப் போயிட்டேன்னா?"

பூட்டினால் உள்ளே சாவு, பூட்டாவிட்டால் வெளியே. பையன் பெங்களூரிலிருந்து போனில், இன்சுலினையே நிறுத்திவிடச் சொன்னான். நிறுத்தினால் பகலில் முந்நூறைத் தாண்டும். கண்ணும் சிறுநீரகமும் போகும். கடைசியில் வாசல் கதவின் உச்சியில், என் கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடித்தோம். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், வாசல் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தாள். இரவில் நான் ஒண்டியாகப் படுத்து, அடுத்த அறையில் அவள் தூங்காமல் புரள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று சில சமயம் தோன்றும்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டும் விட்டேன். "அவன் எப்படி? என்ன பேசறான்?"

"அவன் இவன்னு சொல்லாதீங்க." குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். "பாவம், மரியாதையாதான் பேசறாரு. வேர்த்து ஊத்துது, கை நடுங்குது, அப்பவும் 'நீங்க சாப்டீங்களாம்மா'ங்கறாரு. நீங்க ஒருநாள் கேட்டிருக்கீங்களா?"

"அப்ப அவனையே வெச்சுக்கோ."

"சர்க்கரை குடுத்தா போயிடறாரே" என்றாள். அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மார்ச்சில் மூன்றாவது வகைக்குப் போனோம். பேனா வடிவில் வருவது. ஒரு நாளையும் தாண்டி நிற்கும், இருப்பதிலேயே மெதுவானது, இரவுத் தாழ்வு குறைவு என்றார் டாக்டரம்மா. இதற்குமேல் தன்னிடம் மருந்து இல்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. முதல் வாரம் எனக்குச் சளிக் காய்ச்சல், குளிக்கக்கூட இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதிகாலை, வாசல் கதவடியில் நின்று, எட்டாத தாழ்ப்பாளைப் பார்த்து, "அம்மா, இதைக் கொஞ்சம் திறந்துவிடுங்க, அவர் எழுந்துக்கறதுக்குள்ள போயிடறேன்" என்று நான் கெஞ்சினேனாம். என் சர்க்கரை அப்போது முப்பத்தெட்டு.

அந்த வாரம் டாக்டரம்மா அறையில் நான் பேசவில்லை. எண்களைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. மனைவிதான் பேசினாள்.

"டாக்டர், ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை விடியக்காலைலதான் வராரு. மத்த நாள் வர்றதில்ல. சனிக்கிழமைல ஏதாவது இருக்குமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் இல்ல. எண்ணெய் தேச்சுக் குளிப்பாரு. மிளகு ரசம். மத்தியானம் தூங்குவாரு. ராத்திரி ஊசி போட்டப்புறம் கட்டிக்கு ஒத்தடம் குடுப்பேன்."

"என்ன கட்டி?"

"வயித்துல. டிசம்பர்ல எண்ணெய் தேச்சுவிடும்போது கையில தட்டுப்பட்டுச்சு. வலி கிலி ஒண்ணும் இல்ல, வெறும் கொழுப்புக் கட்டி. எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னிக்கு ஒத்தடம் குடுத்தா இளகும்னு எங்கம்மா சொல்லுவாங்க. விளக்கெண்ணெய் தடவி, நல்லா அமுக்கித் தேச்சு, உப்பு மூட்டையைச் சூடு பண்ணி ஒரு கால் மணி நேரம்..."

"சார், படுங்க" என்றார் டாக்டரம்மா.

சட்டையைத் தூக்கினேன். தொப்புளுக்கு இடப்பக்கம், என் மச்சத்திலிருந்து நாலு விரல் தள்ளி, பாதி எலுமிச்சையைக் கவிழ்த்தது போல அது இருந்தது. அவர் விரலால் ஓரத்தைச் சுற்றி வந்தார். மற்ற இடத்தில் அழுத்தினால் எனக்கு வலித்தது. அங்கே அழுத்தியபோது, வேறு யாரையோ தொடுவது போல இருந்தது.

"எத்தனை மாசமா இதே இடத்துல போடறீங்க?"

"முதல் நாள்லேர்ந்து. மச்சத்துலேர்ந்து நாலு விரல். ஒரு நாள் தப்பினதில்ல."

ஸ்டோர்ஸில் ஒரு சாமானுக்கு ஓர் அறை. அறை மாறினால் சரக்கு தொலையும். ஊசிக்கும் அப்படி ஓர் இடத்தை முதல் நாளே குறித்துவிட்டேன். போகப்போக அங்கே ஊசி குத்துவதே தெரியாமல் போனபோது, என் கைக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு வீங்கித் தடித்துவிடும். அங்கே போடும் மருந்து ரத்தத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. ஒருநாள் கொஞ்சம், ஒருநாள் ஒன்றுமே இல்லை. அதனால் பகலில் சர்க்கரை ஏறும்; ஏறுகிறதே என்று அவர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார். சனிக்கிழமை இரவு மட்டும், மருந்து போட்ட கையோடு அந்த இடத்தை அமுக்கித் தேய்த்துச் சூடும் வைத்தால், உள்ளே நிற்பது வழக்கத்தைவிட வேகமாக இறங்கிவிடும். "அப்படித்தான் இருக்கணும்" என்றார். "சத்தியம் பண்ண முடியாது. ஆனா மூணு இன்சுலின் மேலயும் பழி போட்டோம் சார். மூணையும் இந்த ஒரே இடத்துலதான் ஊத்தினோம். வயித்தை முதல்லயே நான் தொட்டுப் பாத்திருக்கணும்."

முப்பத்தோரு வருடம் நான் சரக்கை அனுப்பியதற்குக் கையெழுத்து வாங்கியவன். இங்கே அனுப்பினேன், அனுப்பினேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நான்தான் அவரை வரவழைச்சேனா?"

"அப்படி நினைக்காதீங்கம்மா."

அவள் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிசம்பரிலிருந்து சனிக்கிழமைதோறும் அந்தக் கையால்தான் சூடு பார்த்துப் பார்த்து வைத்தாள். கல்யாணத்துக்குப் போன சனியும், நான் காய்ச்சலில் கிடந்த சனியும் மட்டும்தான் ஒத்தடம் இல்லாதவை. ஆட்டோவில் வரும்போது அதை இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். அவள் அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

எந்த இன்சுலின் எனக்குச் சரி என்பது இனிமேல்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. நல்ல இடத்தில் மருந்து முழுதாக வேலை செய்யும் என்பதால், இருபத்தாறை ஒரேயடியாகப் பதினாறாகக் குறைத்தார். வலது தொடை, இடது தொடை, வயிற்றின் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். கட்டியைத் தொடவே கூடாது. மூன்றாவது வகையையே வைத்துக்கொள்வோம். இரவுதான் உங்களுக்கு ஆபத்து, அதற்கு இதுதான் பொருந்தும் என்றார்.

தொடையில் முதல் ஊசி போட்டபோது சுருக்கென்று வலித்தது. மாதக்கணக்கில் அந்த வலியை நான் உணரவில்லை. என் உடம்புதான் என்று அப்போது தெரிந்தது.

முதல் சனிக்கிழமை அவள் ஒத்தடம் கொடுக்கவில்லை, தூங்கவும் இல்லை. மூன்று மணிக்கு என் விரலில் குத்திப் பார்த்திருக்கிறாள். நூற்று இருபத்தொன்பது. நான் அசையவே இல்லையாம். விடிந்ததும் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். சர்க்கரை டப்பா மூடியபடி இருந்தது. இரண்டாவது சனி, மூன்றாவது சனி. பகல் எண்ணும் நூற்று ஐம்பதுக்குள் இறங்கியது. இன்னும் இரண்டு யூனிட் குறைத்துப் பதினான்கில் நிறுத்தினோம்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு, அவள் கூடத்துப் பாயைச் சுருட்டிவிட்டுத் தலையணையோடு உள்ளே வந்தாள். விளக்கை அணைத்தாள். ஜனவரிக்குப் பிறகு அந்த அறை முழு இருட்டானது அன்றுதான். பக்கத்தில் வந்து படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"போறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. நான் விழித்திருந்தேன். அவள் கை இருட்டில் என் உள்ளங்கையைத் தேடி வந்து, வேர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, அப்படியே நின்றது. பிறகு நானும் தூங்கிப்போனேன். எழுந்தபோது விடிந்திருந்தது. அவள் இன்னும் எழவில்லை.

ஆகஸ்டிலிருந்து மே முடிய டாக்டர் ஃபீஸ், மூன்று வகை இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், ரத்தப் பரிசோதனை, ஆட்டோ, வாசல் கதவுத் தாழ்ப்பாள், அள்ளிக் கொட்டிய சர்க்கரை எல்லாம் சேர்த்து இருபத்தேழாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ரூபாய்.